எவோராவில் அம்மாவோடு ஒரு பகல்

போர்ச்சுகலில் இருக்கும் எவோரா நகருக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 2023-இல், அலுவலக வேலையாக லிஸ்பனில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது. ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாமே என்று விடுதி வரவேற்பறையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துப் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். கிட்டத்தட்ட ஐம்பது பேர். எலும்புக் கோயிலில் இருபது நிமிடம், ரோமானியக் கோயில் முன்னால் பத்து நிமிடம், தக்கைப் பொருள் விற்கும் கடையில் ஐம்பது நிமிடம். சாப்பாட்டுக்கு விட்ட ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி உட்கார இடம் பிடிப்பதிலேயே போய்விட்டது. ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் மாறி மாறிச் சொன்னதில் ஒரு வரிகூட இன்றைக்கு நினைவில் இல்லை. யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் அது. அங்கே போய் வந்தும், எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருத்தம் ரொம்ப நாள் உள்ளே கிடந்தது.

இரண்டாவது முறை 2025 ஜூனில் போனேன். இந்த முறை அம்மாவும் கூட வந்தாள். அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் தேய்மானம். பிறந்தது புன்னைக்காயல், கட்டிக்கொடுத்தது தூத்துக்குடி. போர்ச்சுகல் போகலாம் என்றதும், பாத்திமா மாதா கோயிலுக்குக் கூட்டிப் போவாயா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பிறந்த ஊர் விலா விசோசா. எங்கள் பக்கத்தில் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். அந்த ஊர் எவோராவிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்தான். முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. அவர் 1600-இல் இறந்தது அம்மா பிறந்த புன்னைக்காயலில். அடக்கம் செய்தது தூத்துக்குடியில். இத்தனை பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறோமே என்று தெரிந்த நாள் முதல், மறுபடி போனால் அந்த ஊருக்கும் போகாமல் வரக்கூடாது என்று வைத்திருந்தேன்.

முதல் அனுபவத்தில் படித்த பாடத்தால், இந்த முறை பணம் கட்டும் முன் சுற்றுலா நடத்துகிற ஐந்து பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே கேள்விகள்தான்: வண்டியில் எத்தனை பேர்? ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம்? வழியில் கடைகளில் நிறுத்துவீர்களா? நுழைவுக் கட்டணமும் மதியச் சாப்பாடும் நீங்கள் சொன்ன தொகைக்குள் வருமா? முழங்கால் வலி உள்ளவர் எங்கெல்லாம் உட்கார முடியும்? மூன்று பேர் விளம்பரத்தில் இருந்ததையே வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. ஐந்தாவது ஆள் நிமிடக் கணக்கோடு எழுதியிருந்தார். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாத வேன், கடை நிறுத்தம் கிடையாது, நுழைவுக் கட்டணம் தனி, சாப்பாடு தனி. கடைசியில் ஒரு வரி: ‘பேராலயத்தின் மேல்மாடிக்குக் குறுகலான படிகள், உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் உள்முற்றத்தில் உட்காரலாம், நிழல் இருக்கும்.’ இந்த வரியைப் படித்ததும் பணம் கட்டிவிட்டேன். பேருந்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு ஆனது. இன்னொரு முறை போனாலும் அதைத்தான் கொடுப்பேன்.

காலை ஏழரைக்கு வண்டி வந்தது. வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அலென்தேஜுக்காரர், தேஜு ஆற்றுக்கு அப்பால் என்பதுதான் அந்தப் பகுதியின் பெயருக்கே பொருள். எங்களோடு இன்னும் நான்கு பேர். அம்மா ஏறி உட்கார்ந்ததும் வழிகாட்டி வண்டிச் சாவியைத் தேடித் தன் பையைத் துழாவினார். ‘ஷாவ், ஷாவ்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, சாவியையா தேடுதா?”

ஆமாம் என்றேன். வழிகாட்டிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அடுத்த கால் மணி நேரம், வாஸ்கோ ட காமா பாலம் முழுக்க, இதே விளையாட்டுதான். ஜன்னலைத் தொட்டு அவர் ‘ஜனேலா’ என்பார். அம்மா ‘ஜன்னல்’ என்பாள். மேசை, அலமாரி, வராந்தா, பீப்பாய். பாதிரி என்றதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். நான் பள்ளியில் படித்த பட்டியல்தான். ஆனால் அதை ஒரு போர்த்துகீசியப் பெண்மணியும் புன்னைக்காயல்காரியும் பாலத்தின் மேல் மாற்றி மாற்றிச் சொல்லிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு முழுக்க அம்மா அவரை ‘தாயி’ என்றுதான் கூப்பிட்டாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குள் போகும் முன் நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தக்கை மரக் காட்டோரம் வண்டியை நிறுத்தினார். என் முதல் பயணத்தில் தக்கையைக் கைப்பையாக, தொப்பியாக, செருப்பாகப் பார்த்தேன். மரத்தைப் பார்க்கவில்லை. உலகத்துத் தக்கையில் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. அந்த மரத்துக்கு சோப்ரெய்ரு என்று பெயர், அதுதான் அந்த நாட்டின் தேசிய மரமும். மே முதல் ஆகஸ்ட் வரைதான் பட்டை உரிப்பார்கள், அதனால் ஜூனில் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டு பேர் ஒரு மரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கோடரியால் செங்குத்தாக ஒரு வெட்டு. ஓங்கி அடிக்கும் அடி இல்லை. பட்டை மட்டும் வெட்டுப்பட வேண்டும், உள்ளே இருக்கும் உயிர்த்தோலில் கீறல் விழக்கூடாது. வெட்டும் சத்தத்தை வைத்தே பட்டை கழன்று வருமா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்களாம். பிறகு கோடரியைச் சற்றே திருகினார்கள். பட்டை ஓலைப்பெட்டி மூடி திறப்பது போல் வளைந்தபடியே முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே மரம் செக்கச்செவேல் என்று ஈரமாக இருந்தது. அம்மா கிட்டே போய்த் தொடப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒருவர் கையசைத்தார்.

அந்த மரத்தில் வெள்ளைப் பெயின்டில் ‘6’ என்று எழுதியிருந்தது. 2016-இல் உரித்த மரம் என்று அர்த்தம். ஒருமுறை உரித்தால் அடுத்த ஒன்பது வருடத்துக்குத் தொடக்கூடாது என்பது சட்டம். இப்போது ‘5’ என்று எழுதுவார்கள், அடுத்து 2034-இல்தான். கன்று நட்டால் முதல் உரிப்புக்கே ஏறக்குறைய 25 வருடம் ஆகும். முதல் இரண்டு உரிப்பிலும் கிடைப்பது கரடுமுரடு. மது போத்தலுக்கு மூடி செய்யும் தரம் மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும். அதாவது மரத்துக்கு நாற்பது வயது தாண்ட வேண்டும். “பேரப்பிள்ளைக்காகத்தான் இதை நடுவோம்” என்றார் வழிகாட்டி. பனையும் அப்படித்தானே என்றாள் அம்மா. பதினைந்து நிமிடம் அங்கே நின்றோம். பிற்பாடு எந்தக் கடையில் தக்கைப் பொருளைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சிவப்பு மரம்தான் கண் முன் வருகிறது.

அங்கிருந்து அல்மென்ட்ரெஸ் கல்வட்டம். குவாதலூப்பே என்ற சிற்றூரைத் தாண்டி மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். ஆலிவும் தக்கையும் நிற்கும் ஒரு சரிவில் ஏறத்தாழ 95 கருங்கற்கள். பெரும்பாலானவை முட்டை வடிவம், ஆள் உயரம். வைத்த காலம் ஏழாயிரம் வருடத்துக்கும் முன்னால் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் மூத்தது. 1964 வரை இது இன்னதென்று ஆராய்ச்சியாளர் யாரும் கண்டுகொள்ளவில்லை. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ஆகவே லிஸ்பனிலிருந்து வருகிறவர்கள் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்லி வேலையை முடித்துக்கொண்டு வர வேண்டும், தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். பெண்களும் வயதானவர்களும் இதைக் கட்டாயம் கவனிக்கணும். எங்கள் வழிகாட்டி முந்தைய நாளே சொல்லிவிட்டார்.

இந்த இடத்தைக் காலையில் முதலில் வைத்ததும் அவர் யோசனைதான். பேருந்துக்காரர்கள் நகரத்தை முதலில் முடித்துவிட்டு இங்கே நட்டுச்சியில் வருவார்கள், சிலர் வருவதே இல்லை. ஒன்பதரை மணி வெயில் பக்கவாட்டில் விழுந்து, சில கற்களில் வழுவழுப்பாகத் தேய்ந்துபோன வட்டங்களும் வளைகோல் வடிவங்களும் தெரிந்தன. உச்சி வெயிலில் வந்திருந்தால் அவை கண்ணுக்கே தட்டுப்பட்டிருக்காது. வழிகாட்டி அங்கே பேசியது ஐந்து நிமிடம். பிறகு, போய் நடந்து பாருங்கள் என்று விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நல்ல வழிகாட்டியை இதில்தான் கண்டுகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினொரு மணிக்கு எவோரா. கோட்டைச் சுவருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு நடைதான். உள்ளே தெருவெல்லாம் கல் பாவியது. நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டுத் தேய்ந்து, சரிவுகளில் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். அம்மா சேலையும் ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூவுமாக நடந்தாள். அவள் வழக்கமாகப் போடும் செருப்போடு வந்திருந்தால் இரண்டாவது தெருவிலேயே விழுந்திருப்பாள். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் தோல் அடி வைத்த காலணியோடு வந்து இரண்டு முறை சறுக்கினார்.

ஊர் நடுவில் ஜிரால்டு சதுக்கம். 1165-இல் மூர்கள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து இந்த நகரைப் பிடித்த ஜெரால்டு என்ற போர்வீரனின் பெயர். 1571-இல் வைத்த பளிங்கு நீரூற்று. சதுக்கத்துக்கு வந்து சேரும் எட்டுத் தெருக்களுக்குக் கணக்காக எட்டுக் குழாய். மக்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்க விசுவாசத்துக்கு மாறாக நடப்பதாகச் சந்தேகித்தவர்களை விசாரித்த ‘இன்குவிசிஷன்’ என்ற விசாரணை மன்றத்தின் தண்டனைகளை மக்கள் முன்னால் வாசித்து நிறைவேற்றியதும் இதே இடத்தில்தான் என்று வழிகாட்டி சொன்னபோது, காப்பிக் கோப்பைகளின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. போர்ச்சுகலில் விசாரணை மன்றம் 1536-இல் வந்தது. அதன் முதல் இருக்கை எவோரா. 1497-இல் நாட்டிலிருந்த யூதர்களை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்து ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்குள் என்ன சமைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுகிறார்களா என்று வேவு பார்த்தார்கள்.

நான் எதற்காக இதில் நின்றேன் என்றால், ஹென்றிக்கஸ் அந்தப் புதுக் கிறிஸ்தவர் வழியில் வந்தவர். பிறந்தது 1520, மன்றம் எவோராவில் உட்கார்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவரை யூத வம்சம் என்று வெளியே அனுப்பினார்கள். 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். இதைச் சொன்னபோது வழிகாட்டிக்குப் புதிதாக இருந்தது. நான் பேசப் பேச அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். முப்பது வருடமாக இதே தெருக்களில் ஆட்களைக் கூட்டிப்போகிறவர், தெரியாது என்று சொல்லவும் எழுதிக்கொள்ளவும் தயங்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

ரோமானியக் கோயிலை முதல் முறை பார்த்தபோது தூண்கள் என்று மட்டும் பார்த்தேன். இப்போது வழிகாட்டி கேட்டார், “தூணுக்கும் அதன் தலைக்கும் என்ன வித்தியாசம்?” தூண் உள்ளூர்க் கருங்கல். அதன் உச்சியில் இலை இலையாகச் செதுக்கியிருப்பது எஸ்ட்ரெமோஸ் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைப் பளிங்கு. “சாயங்காலம் அந்தப் பளிங்கு எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறேன்” என்றார். முதல் நூற்றாண்டில் கட்டியது. டயானா கோயில் என்று ஊரார் சொல்கிறார்கள், உண்மையில் பேரரசரை வணங்கக் கட்டியது. பதினான்கு தூண்கள் இன்றைக்கும் நிற்கக் காரணம், இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கட்டடமாக்கியதுதான். 1836 வரை அது கசாப்புக் கடை. சுவரை எடுத்தது 1870-களில். பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே, இறைச்சி தொங்கவிட உதவியதால் ஒரு ரோமானியக் கோயில் பிழைத்திருக்கிறது.

பேராலயம் 1186-இல் தொடங்கிய கருங்கல் கட்டடம். எங்கள் குழுவில் நான்கு பேர் மேல்மாடிக்கு ஏறினார்கள். அம்மாவை நான் உள்ளே கூட்டிப்போனேன். நடுக்கூடத்தில் கர்ப்பிணியாக நிற்கும் மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. வயிறு தெரிய, ஒரு கை உயர்த்தி, எதிரே கபிரியேல் தூதர். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். “நான் உன்னைச் சுமந்தப்ப இப்படியொரு மாதாவை யாரும் காட்டலையே” என்றாள். அந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு முன் வந்து வேண்டிக்கொள்வார்கள் என்று பிறகு வழிகாட்டி சொன்னார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மின்னஞ்சலில் சொன்னபடியே பல்கலைக்கழக முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தோம். 1559-இல் இயேசு சபையிடம் ஒப்படைத்துத் தொடங்கிய பல்கலைக்கழகம். 1759-இல் அந்தச் சபையைத் துரத்தியபோது மூடினார்கள், மறுபடி திறந்தது 1973-இல். வகுப்பறைச் சுவர்களில் அங்கே என்ன பாடமோ அதற்கேற்ற நீல ஓட்டுச் சித்திரங்கள். அதைப் பார்த்தது போதும். நிழலில் இருபது நிமிடம் காலை நீட்டியதுதான் அன்று பெரிய காரியம்.

எலும்புக் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களைக் கூட்டிப்போகலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புனித பிரான்சிஸ்கு ஆலயத்தை ஒட்டிய சிற்றாலயம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஊர்க் கல்லறைகள் நிரம்பி வழிந்தபோது, பிரான்சிஸ்கன் துறவிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் எலும்புகளை எடுத்துச் சுவரிலும் தூணிலும் பதித்தார்கள். வாசலில் ஒரு வரி: இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம். முதல் முறை போனபோது ஐம்பது பேரும் செல்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நுழைந்து, சிரித்து, வெளியே வந்தோம். நானும் படம் எடுத்தேன்.

இந்த முறை வழிகாட்டி வாசலிலேயே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கும் என்பதை முழுக்கச் சொன்னார். வேண்டாம் என்றால் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்றார். அம்மா வருகிறேன் என்றாள். உள்ளே போனதும் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமில்லை. சுவருக்கு ஓரடி தள்ளி நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முணுமுணுவென்று ‘நித்திய இளைப்பாற்றி’ செபத்தைச் சொன்னாள். கல்லறைத் திருநாளில் எங்கள் தாத்தா குழிமேட்டில் நின்று சொல்வதைப் போலவே. பின்னால் நின்ற வழிகாட்டிக்கு வார்த்தை புரியாது. ஆனால் அவரும் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். வெளியே வந்தபோது அம்மா சொன்னாள், “யாருமில்லாத ஆத்துமாங்க. ஒருத்தராவது செபிக்கணும்லா.”

ஆக, கூட்டிப்போகலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டிப்போக வேண்டும், மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் நான் யோசிப்பேன்.

வெளியே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 39 டிகிரி என்று ஓடியது. அலென்தேஜு கோடை அப்படித்தான். எங்கள் ஊர் வெயில் வியர்க்கும், இது காய்ந்துபோன வெயில், வியர்ப்பதே தெரியாமல் தலை சுற்றும். வெயில் எங்களுக்குப் பழக்கம்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். ஏப்ரல், மே, அக்டோபர் போனால் இன்னும் சுகம்.

சாப்பாட்டு இடத்தை வழிகாட்டி காட்டினார். ஆனால் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது சாப்பாட்டைப் பற்றி அல்ல. மேசையில் தானாகவே கொண்டுவந்து வைக்கும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் இலவசம் கிடையாது. தொட்டால் கணக்கில் ஏறும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். முதல் பயணத்தில் பில்லைப் பார்த்து நான் சண்டைக்குப் போனது நினைவுக்கு வந்து கூசியது. அது ஏமாற்று வேலை இல்லை, நாட்டு வழக்கம். இன்னொன்று, ஒரு தட்டு இருவருக்குக் காணும்; ‘மேயா தோஸ்’ என்று கேட்டால் அரைப் பங்கு தருவார்கள். இரண்டரை மூன்று மணிக்குப் பல சமையலறைகள் அடுப்பை அணைத்துவிடும்.

அம்மா மூன்று நாளாக லிஸ்பனில் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே ‘அசோர்தா’ வந்தது. பச்சைக் கொத்தமல்லி, பூண்டு, கல்லுப்பு மூன்றையும் உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கொதிக்கிற தண்ணீரை விட்டு, முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே தண்ணீரில் வேகவைத்த முட்டை. கிண்ணத்தை வைத்ததும் எழுந்த கொத்தமல்லி வாசத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பண்ணைக் கூலிகளின் சாப்பாடு இது. கோதுமை விளையும் சமவெளியில் நிலம் சிலர் கையில் இருந்தது, உழைத்தவர்களுக்கு மிஞ்சியது ரொட்டியும் காட்டோரக் கீரையும்தான் என்றார் வழிகாட்டி. “கஞ்சித் தண்ணியில உசிரு வளர்த்தவங்கதான் இவங்களும்” என்றாள் அம்மா, கிண்ணத்தை வழித்துக்கொண்டே. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில இடங்களில் அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்காது, பக்காலியாவ் என்ற உப்புக்கண்ட மீனை வேகவைத்த நீராக இருக்கும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நீர்ப்பாலத்தை வண்டியிலிருந்தே பார்த்தோம். 1530-களில் கட்டியது, பதினெட்டுக் கிலோமீட்டர். ஊருக்குள் அதன் வளைவுகளுக்கடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், கதவும் ஜன்னலும் வைத்து.

நான்கு மணிக்கு விலா விசோசா. வழியில் போர்பா பக்கம் பளிங்குக் குழிகள். சாலையோரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் அடிவரை சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். காலையில் தூணின் தலையில் பார்த்த கல். இந்த ஊரில் பளிங்கு பணக்காரர்களின் பொருள் அல்ல. சாதாரண ஓட்டு வீட்டின் நிலையும் வாசற்படியும் பளிங்கு, தெருவோரக் கல்லும் பளிங்கு.

பின்னாளில் போர்ச்சுகலை ஆண்ட பிரகான்சா பிரபுக்களின் அரண்மனை முகப்பு 110 மீட்டர் நீளம், முழுக்கப் பளிங்கு. 1638-இல் இங்கே பிறந்த கத்தரீனாவை இங்கிலாந்து மன்னருக்குக் கட்டிக்கொடுத்தபோதுதான் பம்பாய் சீதனமாகப் போனது. மன்னர் கார்லோஸ் 1908 பிப்ரவரி 1 அன்று லிஸ்பனில் சுட்டுக் கொல்லப்படும் முன் கடைசி இரவு தூங்கியது இந்த மாளிகையில். உள்ளே அவர்களுடைய வழிகாட்டியோடுதான் போக முடியும், ஒரு மணி நேரமாவது ஆகும். எங்களோடு வந்தவர்கள் போனார்கள். அரண்மனை பார்க்க வேண்டும் என்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்று பூட்டியிருக்கும்.

நானும் அம்மாவும் உள்ளே போகவில்லை. இந்த முகப்பு ஹென்றிக்கஸ் சிறுவனாக இருந்தபோது கிடையாது. 1501-இல் தொடங்கிய மாளிகை. பளிங்குப் போர்வை பின்னால் வந்தது. அவர் அன்று பார்த்திருக்கக்கூடியவற்றில் பழைய கோட்டையும் அதன் மதிலும் உண்டு. அதனால் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் சதுக்கத்தைக் கடந்து, அந்தப் பக்கம் மெதுவாக ஏறினோம். வழிகாட்டியும் கூடவே வந்தார். அவருக்கு அது ஓய்வு நேரம். வரவேண்டிய அவசியம் இல்லை.

மதிலுக்குள் வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள், ஒரு மாதா கோயில். 1646-இல் மன்னர் நான்காம் ஜோவான் தம் கிரீடத்தை இந்த மாதாவுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு போர்ச்சுகல் மன்னர்கள் யாரும் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டதில்லை. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து மதில் நிழலில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கோடைக் காற்று கொஞ்சம் வீச ஆரம்பித்திருந்தது. நான் வழிகாட்டிக்கு மீதிக் கதையைச் சொன்னேன். இங்கிருந்து போனவர் முத்துக்குளித்துறையில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தார். தமிழ் படித்து அதற்கு இலக்கணம் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அச்சடித்த புத்தகம் பதினாறே பக்கம்.

“தமிழை அவுக எப்படிப் படிச்சிருப்பாக, சொல்லிக்கொடுக்க ஆளு வேணும்லா” என்றாள் அம்மா. “எங்க பாட்டன் பூட்டன் யாராவதுதான் சொல்லிக்கொடுத்திருப்பாக.”

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். வழிகாட்டி மறுபடி நோட்டை எடுத்தார். புன்னைக்காயல் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அம்மா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்து அடித்துச் சுட்டது. அது போர்த்துகீசியர் வழி வந்த பலகாரம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். முந்திரியை நம் பக்கம் கொண்டுவந்ததும் அவர்கள்தான். மூன்று வாரப் பயணத்தில் சில நொறுங்கிப் போயிருந்தன. முழுசாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, “சாப்பிடு தாயி” என்று வழிகாட்டி கையில் வைத்தாள்.

அவர் கடித்தார். மெதுவாக மென்றார். ‘சுஸ்பிரு’ என்றார். முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துச் செய்யும் இதே மாதிரிப் பலகாரம் அவர் வீட்டிலும் உண்டாம், முந்திரி மட்டும் இல்லை. பெருமூச்சு என்பது அந்தச் சொல்லின் பொருள்.

அம்மா அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். டப்பாவை மூடி அப்படியே அவர் மடியில் வைத்தாள். அரண்மனைக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். லிஸ்பனுக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது, வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.